பே ஏரியா தமிழ்ப் பெற்றோருக்கு: பி.ஏ.வை உள்ளூர்க் கல்லூரியில் தொடங்கட்டுமே

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

மார்ச் கடைசி வாரம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடிவுகள் வரும் நேரம். நல்ல சேதி கிடைத்தவர்கள் இரண்டே நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள், எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டிய மே 1 வரைக்கும் வாயே திறக்க மாட்டார்கள். கோயிலிலோ கடையிலோ பார்த்துக் கேட்டால், "அவன் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த "யோசிச்சுக்கிட்டிருக்கான்" வீடுகளுக்குத்தான் இந்தக் கடிதம். அதிலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், வரலாறு படிக்கிறேன், அரசியல் படிக்கிறேன், ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்று பிள்ளை உறுதியாகச் சொல்லிவிட்ட வீடுகளுக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். கலைப் பாடம் படிக்க நினைக்கும் பிள்ளையை முதல் இரண்டு ஆண்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்கு (குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) அனுப்பி, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கு மாற்றலாமா என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுப்புவதென்று முடிவு செய்தால் ஒளித்து மறைத்து அனுப்பாதீர்கள். என் மூத்த மகள் வரலாறு படிக்க இந்த வழியில் போனவள், இப்போது யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் ஒன்றில் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அவள் போன சமயத்தில் எங்களுக்கு விவரம் சொல்ல நம்மவர்களில் ஆள் கிடைக்கவில்லை. கேட்டால் அனுதாபம்தான் கிடைத்தது.

ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதே கோடை விடுமுறையில் நாம் அவர்களை டி ஆன்சா, ஃபுட்ஹில், ஓலோனி, லாஸ் பொசிடாஸ் என்று இதே கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அனுப்புகிறோம். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுப்பது, டூயல் என்ரோல்மென்ட். பள்ளி மாணவர் என்பதால் பெரும்பாலும் யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) கட்டணம் கிடையாது. அங்கே வாங்கும் கிரேடு யூ.சி. விண்ணப்பத்தில் கூடுதல் மதிப்போடு ஏறும். பதிவு திறக்கும் காலையில் அப்பாக்கள் மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்போடு காத்திருப்பார்கள். அரசியல் அறிமுகத்தை யாரிடம் எடுக்கலாம், பொருளாதாரத்தில் யார் நன்றாகச் சொல்லித் தருகிறார் என்று அம்மாக்கள் பட்டியலே வைத்திருப்பார்கள். அதே அறையில், அதே ஆசிரியரிடம், அதே பாடத்தை 16 வயதில் படித்தால் கெட்டிக்காரப் பிள்ளை. 18 வயதில் படித்தால் "பாவம், எங்கேயும் கிடைக்கலை போல". இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கலிஃபோர்னியாவில் இந்த வழி பின்னால் யாரோ போட்ட குறுக்குச் சந்து கிடையாது. உயர்கல்விக்கென்று 1960இல் இந்த மாநிலம் மாஸ்டர் பிளான் ஒன்றை வகுத்தது. அப்போது யூ.சி.யின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் பின்னால் இருந்த முக்கியமான ஆள். ஆளுநர் பேட் பிரவுன் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளி முடிப்பவர்களில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., மூன்றில் ஒரு பங்குக்கு இன்று சி.எஸ்.யூ. (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்று நாம் சொல்லும் கல்லூரிகள், படிக்க வரும் எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ், அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ். இவ்வளவு பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பல்கலைகளில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும், மூன்றாம் நான்காம் ஆண்டில் 60 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது. அதாவது மூன்றாம் ஆண்டில் வந்து சேரப்போகிறவர்களுக்கு அன்றைக்கே இடம் ஒதுக்கினார்கள். இப்போதும் யூ.சி. வைத்திருக்கும் இலக்கு, முதலாண்டில் இரண்டு பேரைச் சேர்த்தால் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவரைச் சேர்ப்பது. அப்படி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மாநிலத்தின் 116 கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள்.

நமக்கு இது அந்நியமான ஏற்பாடும் இல்லை. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.ஈ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இன்றைக்கு சன்னிவேலில் பெரிய டீம்களை நடத்துகிறார்கள். டிப்ளமோ எங்கே படித்தீர்கள் என்று அவர்களை யாராவது கேட்கிறார்களா? இங்கேயும் பட்டத்தில் இருக்கப்போவது முடித்த பல்கலையின் பெயர் மட்டும்தான்.

சரி, கலைப் பாடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் என்ஜினியரிங்குக்கும் இந்த வழி கொஞ்சம் கரடுமுரடு. கால்குலஸில் ஒரு வரிசை, இயற்பியலில் ஒரு வரிசை, புரோகிராமிங்கில் ஒரு வரிசை என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. நடுவில் ஒரு வகுப்பு கிடைக்காமல் போனால் ஆண்டே தள்ளிப்போகலாம். போட்டியும் கடுமை. வரலாற்றுக்கு அப்படியில்லை. மேஜருக்கென்று, அதாவது முதன்மைப் பாடத்துக்கென்று, பல்கலைகள் முன்கூட்டிக் கேட்பது பொதுவாகச் சில அறிமுகப் பாடங்கள்: அமெரிக்க வரலாறு, ஐரோப்பிய வரலாறு, உலக வரலாறு. தத்துவத்துக்குத் தர்க்கம் இருந்தால் நல்லது. அரசியலுக்குச் சில இடங்களில் புள்ளியியல் கேட்பார்கள். மீதமெல்லாம் பொதுக் கல்வி. அதற்கு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூ.சி., சி.எஸ்.யூ. இரண்டுக்கும் ஒரே பட்டியல் வந்துவிட்டது. கால்-கெட்சி என்று பெயர். 11 பாடம், 34 யூனிட். கட்டுரை எழுதுவது, மேடையில் பேசுவது, ஒரு கணிதம், கலையும் இலக்கியமும், சமூக அறிவியல், லேபோடு ஒரு அறிவியல், எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்கச் சிறுபான்மை இனத்தவரைப் பற்றிய படிப்பு). யூ.சி. பெர்க்லியில் நானூறு பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசையிலிருந்து கேட்டாலும், பக்கத்து ஊரில் முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் இந்தப் பாடங்கள் இந்தப் பாடங்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிள்ளைக்கு மானிடவியல் பிடிக்கும் என்று 17 வயதில் எப்படித் தெரியும்? பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பாடமே கிடையாது. கலை வரலாறு, மொழியியல், சமூகவியல் எல்லாமே அப்படித்தான். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். என் மகள் வரலாறு என்று நுழைந்து, நடுவில் ஒரு பருவம் புவியியல் பைத்தியம் பிடித்து அலைந்து, திரும்ப வரலாற்றுக்கே வந்தாள். அந்தப் பைத்தியத்தின் விலை நூற்றுச் சொச்சம் டாலர். விடுதியில் இருந்துகொண்டு மனம் மாறியிருந்தால் எனக்கு இரத்த அழுத்தம் வந்திருக்கும்.

விலையைப் பேசிவிடுவோம், நாம் எல்லோரும் எப்படியும் அங்கேதான் வந்து நிற்போம். செமஸ்டர் முறைக் கல்லூரியில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012 கோடையிலிருந்து அந்த விலை ஏறவில்லை. ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை, பருவங்கள் சிறியவை, யூனிட் எண்ணிக்கை அதிகம். அங்கே யூனிட் 31 டாலர், ஆண்டுக் கணக்கு கிட்டத்தட்ட அதே. முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்பவர்களுக்குப் பல கல்லூரிகள் இரண்டு ஆண்டு வரை அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூ.சி.யில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல்; தங்குவது, சாப்பாடு சேர்த்தால் 40,000ஐத் தாண்டும். பெயர்பெற்ற தனியார் கல்லூரி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. நம்மில் பலருக்கு வருமானம் நிதியுதவி கிடைக்க அதிகம், மொத்தமாகக் கட்டக் குறைவு.

"பி.ஏ. ஹிஸ்டரிக்கு மூணு லட்சம் டாலரா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான் வழக்கம்: "அப்ப ஹிஸ்டரி வேணாம், எகனாமிக்ஸ் எடு." முதல் பாதியை மூவாயிரம் டாலருக்குள் முடித்துவிட்டு வா என்று சொல்லவும் வழி இருக்கிறது.

போனால் பல்கலைக்குள் நுழைய முடியுமா? இதுதான் அடுத்த பயம். சி.எஸ்.யூ.வுக்கு உறுதி உண்டு: 2010இல் வந்த சட்டப்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தை முடித்தவருக்கு ஏதாவது ஒரு சி.எஸ்.யூ. வளாகத்தில் மூன்றாம் ஆண்டு இடம் நிச்சயம். எந்த வளாகம் என்பதற்கு உறுதி கிடையாது, அதைக் கவனியுங்கள். யூ.சி.யில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும் 'டேக்' என்ற உத்தரவாத ஒப்பந்தம் தருகின்றன. கேட்கும் ஜி.பி.ஏ.வும் (கிரேடு சராசரி) பாடங்களும் இருந்தால் இடம் உண்டு. ஆறில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம். செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. அங்கே போட்டிதான், ஆனாலும் மூன்றும் ஆண்டுதோறும் ஏராளமான டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுக்கின்றன. மூன்றாம் ஆண்டுக்குச் சேரும்போது பார்ப்பது கல்லூரி கிரேடைத்தான். பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய 'சி'யை அங்கே யாரும் தோண்டி எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு 'சி'க்காக நம் வீடுகளில் எவ்வளவு கண்ணீர்!

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் தப்பு. மாநிலத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2017 முதல் 2019 வரை டிரான்ஸ்ஃபர் நோக்கத்தோடு சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் நான்கு ஆண்டுக்குள் பல்கலைக்குப் போனார் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்து நானும் முதலில் ஆடித்தான் போனேன். ஆனால் அங்கே படிப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பகலில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு மாலையில் ஒரு பாடம், இரண்டு பாடம் என்று எடுப்பவர்கள் ஏராளம். குழந்தை வளர்ப்பவர்கள், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுபவர்கள். அவர்களுக்கு இரண்டாண்டு ஐந்தாண்டாவது இயல்பு. வாடகையும் சாப்பாடும் வீட்டில் கிடைக்கிற, முழுநேரம் படிக்க முடிகிற நம் பிள்ளைக்கு அந்தத் தடையில் பாதி கிடையாது. மீதிப் பாதி எல்லோருக்கும் பொது: ஒவ்வொரு பல்கலையும் ஒவ்வொரு விதமாகப் பாடம் கேட்பது. ஒரே வரலாறு மேஜருக்கு பெர்க்லி கேட்பது ஒன்று, டேவிஸ் கேட்பது இன்னொன்று. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலை ஏற்கும் என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளம் வரிவரியாகச் சொல்கிறது. முதல் பருவத்துக்கு முன்னாலேயே பிள்ளை அதைத் திறந்து பார்க்க வேண்டும். கவுன்சலரைப் பார்ப்பதும் அவசியம், ஆனால் அவர் சொல்வதையும் அங்கே சரிபார்க்க வேண்டும். என் மகளுக்கு ஒரு கவுன்சலர் எழுதிக் கொடுத்த பாடம் அவள் குறிவைத்த பல்கலையின் பட்டியலிலேயே இல்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒருவர் என்று உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் கணிதத்தையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடட்டும். தள்ளிப்போட்டவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நாம் அதிகம் பேசாத விஷயம் அது. நம் பிள்ளைகள் வளர்ந்த பள்ளிகளில் எல்லோருக்கும் ஒரே வயது, பெரும்பாலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கனவு. கம்யூனிட்டி காலேஜில் பக்கத்து நாற்காலியில் ராணுவத்திலிருந்து திரும்பியவர் இருப்பார், பேரன் எடுத்த பாட்டி இருப்பார். என் மகளின் வகுப்பில் வியட்நாம் போர் வந்த வாரம், சிறுவனாகப் படகில் தப்பி வந்த ஒரு வியட்நாமியப் பெரியவர் மாணவராக உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் அன்றைக்குப் பாதி வகுப்பை அவரிடமே கொடுத்துவிட்டாராம். அன்று சாப்பாட்டு மேசையில் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் அவள் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வரலாறு படிக்கப் போன பெண்ணுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்த வளாகத்தில் கிடைத்திருக்கும்?

ஆசிரியர்கள் பலர் பகுதிநேரக்காரர்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று என்று காரிலேயே வாழ்கிறார்கள். அவர்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பெயர். அது மாநிலம் வெட்கப்பட வேண்டிய விஷயம், தனியாக ஒரு கடிதம் எழுதலாம். ஆனால் ஆய்வுக்கட்டுரை, மானியம் என்ற நெருக்கடி இல்லாமல் பாடம் நடத்துவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் அவர்கள். மாணவர் எழுதிய கட்டுரையை அவர்களே படித்துத் திருத்துகிறார்கள்.

பிள்ளைக்கு இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதி கிடையாது. நண்பர்கள் எல்லாம் ஆகஸ்டில் பெட்டி கட்டிக்கொண்டு போய் விடுதி அறைப் படங்களைப் போடும்போது, நம் பிள்ளை பழைய அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முதல் சில மாதங்கள் கஷ்டம்தான். அதை நாம் இன்னும் கஷ்டமாக்காமல் இருக்கலாம். வீட்டிலிருந்து போகிறாள் என்பதற்காகப் பதின்மூன்றாம் வகுப்பு மாதிரி நடத்தாதீர்கள். எத்தனை மணிக்கு வருவாய், ஹோம்வொர்க் முடிந்ததா என்ற விசாரணையை நிறுத்துங்கள். எப்படியும் கிரேடு பார்க்கப் பெற்றோருக்குப் போர்ட்டல் கிடையாது. கல்லூரியில் சேர்ந்தவுடன் அந்தப் பதிவுகள் சட்டப்படி மாணவருடையவை. நாம் போன் செய்தால் மரியாதையாக வைத்துவிடுவார்கள். சில அப்பாக்களுக்கு இதுவே பெரிய அதிர்ச்சி.

ஹெச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 21 வயதானால் அந்த விசா நிலை முடிந்துவிடும் என்ற கணக்கு உங்களுக்குக் குறுக்கே வரும், உள்ளூர்க் கட்டணத் தகுதியும் விசா நிலையைப் பொறுத்தது. பாடம் தேர்ந்தெடுப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கல்லூரியின் அட்மிஷன்ஸ் அலுவலகத்திலும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கூட்டங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் கொடுத்தார்கள், நம் பகுதியிலும் பலர் கொடுத்தார்கள். பெர்க்லியிலும் தமிழ் சொல்லித் தருகிறார்கள் என்று மேடைக்கு மேடை பெருமைப்படுகிறோம். அதெல்லாம் கலைத் துறை, ஐயா. சங்க இலக்கியத்தை ஆராயும் பேராசிரியருக்கு எழுந்து நின்று கைதட்டுகிறோம். நம் வீட்டுப் பெண் இலக்கியம் படிக்கிறேன் என்றால் மட்டும் உட்கார்ந்துவிடுகிறோம். பி.ஏ. என்றால் பி.ஈ. சீட் கிடைக்காதவர் என்ற பழைய ஊர்க் கணக்கைக் கடல் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். கலைப் பாடம் ஒரு அவமானம், கம்யூனிட்டி காலேஜ் இன்னொரு அவமானம். இரண்டும் ஒரே பிள்ளை தலையில் விழுந்தால் அது என்ன செய்யும்?

ஆகவே தமிழ்ப் பள்ளி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களை மேடையேற்றி, பெயரையும் சேரப்போகும் கல்லூரியையும் திரையில் போடுகிறீர்கள். சில பிள்ளைகள் பெயருக்கு நேரே அந்த இடம் காலியாகவே இருக்கும். அல்லது அந்தப் பிள்ளை அன்றைக்கு வரவே மாட்டாள். இந்த ஆண்டு முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டு, டி ஆன்சா என்றாலும் ஓலோனி என்றாலும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போட்ட அதே எழுத்தளவில் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆகி யூ.சி.க்கும் சி.எஸ்.யூ.வுக்கும் போன பழைய மாணவர்கள் ஓரிருவரைக் கூப்பிட்டு ஒரு சனிக்கிழமை பேசச் சொல்லுங்கள். பெற்றோர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் பளிச்சென்று பதில் சொல்வார்கள்.

முடிவெடுக்கத் தயங்கும் வீடுகளுக்கு ஒரு விவரம். மே 1 கடந்த பின்னும் இங்கே சேரலாம். பெரும்பாலான கல்லூரிகளில் இலையுதிர் பருவம் ஆகஸ்டில் தொடங்கும், டி ஆன்சாவிலும் ஃபுட்ஹில்லிலும் செப்டம்பர் கடைசியில். ஆனால் நல்ல ஆசிரியர்களின் வகுப்புகள் கோடைக்குள் நிரம்பிவிடும். ஓரியண்டேஷனையும் எஜுகேஷன் பிளானையும் (எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்ற திட்டம்) முடித்தவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு. அதனால் கிராஜுவேஷன் விருந்துக்கு ஹால் பிடிக்கும் வாரத்திலேயே அந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
கிழக்கு பே ஏரியாவிலிருந்து
ஒரு வரலாற்று மாணவியின் அம்மா